ஒருமனதாக

உட்காருங்கள் ஐயா, தாராளமாக உட்காருங்கள். காலை வண்டிக்குத்தான் அடிதடி. இந்த வண்டியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டே திருநெல்வேலி போய்விடலாம். பாருங்களேன், நீங்கள், நான், பின்னால் வாழைத்தாரோடு ஒருவர், டிரைவர், கண்டக்டர். அவ்வளவுதான் வண்டி. முன்னால் ஜன்னலோரம் இருப்பது உங்கள் மகள்தானே? மூக்கைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் பேசுவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நான் இப்படித்தான் பேசுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் துண்டறிக்கை. முதலில் பிறர் எழுதியதைப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். அச்சுத் தமிழைப் படித்துப் படித்து வாயும் அச்சாகிவிட்டது. "நீங்க தண்ணி கேட்டாலும் நோட்டீஸ் வாசிச்ச மாரிதான் இருக்கு" என்பாள் என் வீட்டுக்காரி பூமாரி. 

என் பெயர் ஆவுடையப்பன். பீடித் தொழிலாளர் சங்கம். பாறைக்குளம் ஆவுடையப்பன் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதா? சரி, நீங்கள் வெளியூர்.

மடியில் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, பிள்ளையின் சான்றிதழ்களா? அப்படியா. இங்கே அரசுக் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டாள், இப்போது தூரத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, மாற்றலாமா வேண்டாமா என்று மைத்துனரைக் கேட்கப் போகிறீர்கள். நல்ல காரியம். நாலு பேரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். தன் புத்தியை மட்டும் நம்புகிறவன் கெட்டான். நானும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்தேன்.

ஆமாம், எனக்கும் ஒரே மகள்தான். உங்களுக்கு வந்திருக்கும் அதே கேள்விதான் அன்றைக்கு எனக்கும் வந்தது. சொல்கிறேன், பொழுதும் போகும். ஊருக்குப் பாதை பிரியும் பாறைக்குளம் விலக்கு வரும்போது நானே காட்டுகிறேன். அந்த நிறுத்தத்தில்தான் அவள் ஏறுவாள். அடுத்த ஊரில் வேலை. நான் வண்டி கிளம்பும் ஊருக்கே போய் ஏறிக்கொள்வேன், இந்த வண்டியில் வந்தால் அவளைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது. வாரா வாரம் போய் நிலவரம் கேட்பேன். அவர்களும் வாரா வாரம் அதே பதிலைச் சொல்வார்கள். 

முதலில் கல்லூரியைச் சொன்னால்தான் மகளைச் சொல்ல முடியும்.

பாறைக்குளம் அரசுக் கல்லூரி என்னால் வந்தது. என்னால் என்றால், எங்களால். மக்களால். ஆனாலும் என்னால். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்தால் அப்படியே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கல்லூரி வேண்டும் என்று கேட்டோம். அப்போதிருந்த சட்டமன்ற உறுப்பினர், பெயர் வேண்டாம், செத்துப்போனார், "பீடி சுத்துத ஊருக்கு எதுக்குவே காலேசு" என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய பையன் எங்கேயோ கடல் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தான். அன்று மாலையே மதகுச் சுவரில் நான் எழுதினேன். ஆள் உயர எழுத்து. "உன் பிள்ளை எங்கே படிக்கிறான்?" வேறு எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரி, ஐயா, அவரைத் தோற்கடித்தது. இன்றைக்கும் சுவர் இருக்கிறது. கடைசி வார்த்தை மட்டும் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. பூசி எழுத வேண்டும்.

சாலை மறியல் செய்தோம். உண்ணாவிரதம் இருந்தோம். பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். நான் உள்ளே இருக்கும்போதுதான் மகள் பிறந்தாள். பார்க்க வந்த தையற்காரர் செய்யது அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "பொம்பளப் புள்ள, ஒன்ன மாரியே கத்துது" என்றார். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டே பெயர் சொல்லி அனுப்பினேன். எழுச்சி. பூமாரி அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "வீட்டுக்குள்ள கூப்பிட ஒரு பேரு வேணும்லா" என்பாள்.

கல்லூரி வந்தது. நாங்கள் கேட்டு வந்தது. கட்டடம் வந்த பிறகும் விடவில்லை, கணக்குத் துறை வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தோம். ஏன் கணக்கு? ஏனென்றால் எங்கள் பெண்களை அடிப்பதே கணக்கில்தான். பீடிக்கடையில் சுற்றிய பீடிக் கட்டைக் கொடுத்தால் இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்துவிட்டு எழுதுவான் கணக்குப்பிள்ளை. கணக்குத் தெரிந்தால்தானே எதிர்த்துக் கேட்கலாம்? துண்டறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.

எழுச்சிக்குக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. இலை வெட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதோ போட்டுக்கொண்டிருப்பாள். "என்னட்டி முணுமுணுக்க" என்று அவள் அம்மா கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, இது முடியுமா முடியாதான்னு பாக்கேன்" என்பாள். எது முடியும், எது முடியாது, நமக்கு ஒன்றும் புரியாது. பன்னிரண்டாவதில் கணக்கில் முழு மதிப்பெண். பாளையங்கோட்டையில் பழைய கல்லூரி ஒன்று தானே கூப்பிட்டு இடம் கொடுத்தது. நான் விடவில்லை. நாம் வாங்கிய கல்லூரியில் நாம் படிக்காவிட்டால் வேறு யார் படிப்பார்கள்? முதல் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்ற காவலாளி எனக்கு வணக்கம் வைத்தான். அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

முதலாண்டு முடியும்போது ஜெபக்கனி மேடம் வீட்டுக்கு வந்தார்கள். கணக்குத் துறையில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர், சின்னப் பெண். துறைக்கு அந்த ஒரே ஆள்தான். மற்ற இடங்கள் காலி. அந்த மேடம் எங்களிடம் சொல்லாமலே எழுச்சியை ஏதோ ஒரு தேர்வு எழுத வைத்திருக்கிறார்கள். வடக்கே ஒரு கல்லூரி. கணக்கு ஒன்றுதான் அங்கே படிப்பு. நாடு முழுக்கத் தேர்வு வைத்து, ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவு பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம். வேறு கல்லூரியில் முதலாண்டு முடித்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரை இரண்டாம் ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளவும் செய்வார்களாம். அந்த ஒன்றிரண்டில் எழுச்சி இருந்தாள். தங்க இடம், சாப்பாடு, படிப்பு, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

மேடம் நாற்காலியில் உட்காரவில்லை. பூமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"சார், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவ மொத வருசத்துலயே முடிச்சிட்டா. இனிமே நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்ல. அவதான் எனக்குச் சொல்லிக்குடுக்கா."

"ஆசிரியர் பணியிடங்களை நிரப்பச் சொல்லிப் போராடுவோம்" என்றேன்.

"எப்ப சார்?"

"இந்த ஜூனிலேயே தொடங்கிவிடலாம்."

"ஜெயிக்கது எப்ப சார்?"

கெட்டிக்காரப் பெண். ஆனால் போராட்டம் என்றால் என்னவென்று தெரியாத தலைமுறை. வெற்றிக்குத் தேதி குறித்துவிட்டா போராடுவார்கள்? சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். போகும்போது வாசலில் எழுச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். 

எனக்கும் சந்தோஷம்தான் ஐயா, இல்லையென்று சொல்லவில்லை. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கணக்குத் துறையில் பிள்ளைகள் கொஞ்சம்தான். இரண்டாம் ஆண்டில் இன்னும் ஒரு ஆள் குறைந்தால் துறையை மூடிவிட்டு வேறு ஊர்க் கல்லூரியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த ஒரு ஆள் யார்? என் மகள். துறை கேட்டு உட்கார்ந்தவன் யார்? நான். மூட வைத்தவன் என்ற பெயரும் எனக்கா?

மறுநாள் டீக்கடையில் நுழைகிறேன். கடைக்காரன் வைகுண்டம் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒம்ம பிள்ளை எங்க படிக்கப் போவுதாம்?" என்றான். சாதாரணமாகக் கேட்டது போலத்தான் கேட்டான். ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் சுவரைப் பார்த்தார்கள். எதிரில்தானே மதகு. நான் டீ குடிக்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். பூமாரி தலையை நிமிர்த்தாமல், "அந்த எழுத்தைச் சுண்ணாம்பு அடிச்சு அழிச்சிரலாம், நானே அடிக்கேன்" என்றாள்.

"அது வரலாறு" என்றேன்.

"சுவத்துல எழுதினதுக்காகப் பெத்த பிள்ளையக் கொண்டுபோயிச் சுவத்துல ஒட்டணுமோ?"

படிக்காதவள். கோபத்தில் சொல்வது.

அதற்கடுத்த நாள் எழுச்சியைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போனேன். அவள் மடியில் அவள் அம்மா சுற்றிய கட்டுகள். வாய்க்கால் கரையில் போகும்போது, "எப்பா, கொஞ்சம் நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். இறங்கி எனக்கு முன்னால் வந்து நின்றாள். வியர்த்திருந்தது.

"எப்பா, கூட்டம் கீட்டம் எதுவும் போடாத. நீ ஒரு வார்த்தை சொல்லு. போன்னா போறேன். இருன்னா இருக்கேன். நீ சொன்னா எனக்குப் போதும்."

"நான் தனியாகச் சொல்லலாமா அம்மா? இது பொதுப் பிரச்சினை ஆகிவிட்டது. கல்லூரிப் பாதுகாப்புக் குழுவில் வைத்துப் பேசி முடிவெடுப்போம்."

"குழுவக் கேக்கல. ஒன்னியத்தான் கேக்கேன். ஒனக்கு நான் போனா பிடிக்குமா பிடிக்காதா?"

"என் விருப்பு வெறுப்புக்கு இதில் இடம் இல்லை."

என்ன தப்பு ஐயா அதில்? நாற்பது வருடம் சங்கத்தில் இருக்கிறேன். ஒரு துண்டறிக்கைகூடக் குழுவைக் கேட்காமல் அடித்ததில்லை. எத்தனை பேர் தலைவன் என்ற பெயரில் தானே முடிவெடுத்துச் சங்கத்தை விற்றுவிட்டுப் போனார்கள். நான் அந்த ரகம் இல்லை. வீட்டிலும் அப்படித்தான். பசு வாங்கினாலும் பந்தல் போட்டாலும் உட்கார்ந்து பேசுவோம், கை தூக்குவோம், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவோம். எந்த வீட்டில் அப்பா பிள்ளைக்கு ஓட்டுக் கொடுக்கிறான், சொல்லுங்கள். நான் கொடுத்தேன். ஏழு வயதிலிருந்து அவளுக்கு என் வீட்டில் ஓட்டு உண்டு.

அவள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சரிப்பா" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிக்கொண்டாள். கடை வரும்வரை மடியிலிருந்த கட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடினோம். கல்லூரிப் பாதுகாப்புக் குழுவின் அவசரக் கூட்டம். ஒரு காலத்தில் அந்தக் குழுவில் தெருவே இருந்தது. கல்லூரி வந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நான், செய்யது அண்ணன், பூமாரி. மாணவர் தரப்பில் எழுச்சி. நாலு பேர். ஜெபக்கனி மேடத்தை அழைக்கவில்லை. தற்காலிக வேலையில் இருந்தாலும் அவர்கள் நிர்வாகத் தரப்பு. ஒரு முறை இருக்கிறது அல்லவா?

பூமாரி முறத்தை இறக்கி வைக்கவில்லை. கூட்டம் நடக்கும்போது வேலை கூடாது என்று சொன்னேன். "நீங்க பேசுங்க, எனக்குக் காது சும்மாதான் இருக்கு" என்று இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். 

நான் இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்தேன். நியாயமாக வைத்தேன். ஒருவர் முன்னேறினால் அது ஒருவருடைய வெற்றி, துறை நின்றால் அது ஊருடைய வெற்றி. வெளியேறுவது எளிது, உள்ளே இருந்து சரிசெய்வதுதான் போராட்டம். இன்றைக்கு நாம் போனால், நாளைக்கு நம் பேச்சை எவன் கேட்பான்? அப்படியே எழுதி அச்சுக்குக் கொடுக்கலாம், அவ்வளவு நன்றாக வந்தது. செய்யது அண்ணன் குறுக்கே, "ஆவுடை, புள்ள என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேளேன்" என்றார்.

"கேட்கிறேன். எழுச்சி, உன் கருத்து."

"எங்கிட்ட கருத்து ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அப்படியென்றால் தீர்மானத்துக்குப் போகலாம். மாணவி எழுச்சி பாறைக்குளம் அரசுக் கல்லூரியிலேயே தொடர்ந்து படித்துக் கணக்குத் துறையைக் காப்பது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

நான் தூக்கினேன். செய்யது அண்ணன் தூக்கினார். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார். வயதானவர், கழுத்து வலி. பூமாரி தூக்கவில்லை. கையில் நூல். "பூமாரி, உன் ஓட்டு?" என்றேன். "எனக்குக் கை ஒழியல" என்றாள். சரி, நடுநிலை.

எழுச்சி அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. முடிவு அறிவிக்கும்வரை இறக்கக்கூடாது, அதுதான் முறை. கொஞ்சம் நடுங்கியது, ஒன்றுமில்லை, மறியலில் போலீஸ் அடித்த தோள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கையைத் தூக்கினாள். நேராக, காதை ஒட்டி, பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. 

ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தேன். 

பூமாரி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். இலைக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. அன்றிலிருந்து என் கூட்டம் எதற்கும் அவள் டீ போடுவதில்லை. அவள் குணம் அப்படி. 

யாராவது திணித்தார்களா, ஐயா? சொல்லுங்கள். அவளே கை தூக்கினாள். வேண்டாம் என்றால் தூக்காமல் இருந்திருக்கலாம். இரண்டுக்கு ஒன்று, ஒன்று நடுநிலை. அப்போதும் தீர்மானம் நிறைவேறியிருக்கும், அது வேறு. ஆனால் எதிர்ப்பு பதிவாகியிருக்கும்.

அப்புறம் என்ன. துறை நின்றதா என்று கேட்கிறீர்களா? அடுத்த ஜூனில் கணக்குக்குப் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. மேலிடத்து முடிவு. எழுச்சியின் வகுப்புதான் கடைசி வகுப்பு. நாங்கள் விட்டுவிடவில்லை. வாசலில் மூன்று பேர் உட்கார்ந்தோம். காவலாளி வந்து, "அண்ணாச்சி, வெயில்ல ஒக்காராதிய, உள்ள நெழல்ல வந்து ஒக்காருங்க" என்றான். போராட்டம் அவ்வளவு மதிப்போடு நடந்தது. ஜெபக்கனி மேடம் வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மூன்றாம் ஆண்டில் பாடம் நடத்த ஆளே இல்லை. எழுச்சிதான் கரும்பலகையில் எழுதி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். பாருங்கள், உள்ளே இருந்து சரிசெய்வது என்றால் இதுதான். நான் சொன்னது நடந்ததா இல்லையா?

பூமாரிதான் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். "அந்தப் பிள்ளை கேட்டது ஒரு வார்த்தை." என்ன வார்த்தை? வார்த்தைக்கா பஞ்சம்? அந்தக் கூட்டத்தில் நான் எவ்வளவு பேசினேன்.

அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு எழுச்சியிடம் ஒரு பழக்கம் வந்தது. சாப்பிடுகிறாயா அம்மா என்று கேட்டால் கை தூக்குவாள். கடைக்கு வருகிறாயா என்றால் கை தூக்குவாள். வாயால் சொல்ல மாட்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெருமையாக இருந்தது. அமைப்பு ஒழுங்கு ரத்தத்தில் இருக்கிறது. பெண் பார்க்க வந்தார்களே, கயத்தாற்றுப் பக்கம், நல்ல குடும்பம், அப்போதுகூட, "உனக்குச் சம்மதமா?" என்று நான் கேட்டதும் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கினாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பயந்துபோய் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஜனநாயகம் புரியவில்லை. பூமாரி அடுப்படியில் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். 

இப்போது என்ன வேலையா? பீடிக்கடையில் இருக்கிறாள். பக்கத்து ஊர்க் கிளையில். கணக்குப்பிள்ளை. ஆமாம், நான் சொன்னேனே, கட்டைக் கழிக்கும் கணக்குப்பிள்ளை, அந்த வேலைதான். உங்கள் முகம் போகும் போக்கைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது, ஊரிலும் பேசினார்கள். ஆனால் அவள் யார் கட்டையும் அநியாயமாகக் கழிப்பதில்லை. பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "எழுச்சியக்கா இருந்தா பயமில்ல" என்பார்கள். எதிரியின் கூடாரத்துக்குள் நம் ஆள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கட்டு எண்ணுவதும் கணக்குதானே. என்ன, அந்த முணுமுணுப்பு மட்டும் இப்போது இல்லை. இலை வெட்டும்போது ஏதோ போட்டுக்கொண்டிருப்பாளே, அது. ஒருநாள் நானே கேட்டேன், "இப்போது கணக்கு ஏதும் போடுவதில்லையா, முடியுமா முடியாதா என்று?" அதற்கு மட்டும் கை தூக்கவில்லை. 

விலக்குக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து இன்னொரு பெண்ணோடு இருக்கிறாள். எங்கள் தெருவிலிருந்து விலக்குக்கு நடக்க வேண்டும், அவளுக்கு அது சிரமம். பூமாரிக்கு முழங்கால் மடங்காது, அவ்வளவு தூரம் நடக்கவும் மாட்டாள், வண்டி ஏறவும் மாட்டாள். அதனால் போனில் பேசிக்கொள்வார்கள். வாரா வாரம் முறுக்கு சுட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். இதோ, பையில் இருக்கிறது. போன வாரம் போனில், "முறுக்கு நல்லா பொரபொரன்னு இருந்துச்சும்மா" என்று எழுச்சி சொன்னாளாம். பூமாரிக்கு வாயெல்லாம் பல். "இந்த வாட்டி எள்ளு கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன், கையிலயே குடுத்துட்டு வாங்க" என்றாள்.

அதோ பாருங்கள், விலக்கு வருகிறது. அந்த மதகுச் சுவர் தெரிகிறதா? எழுத்துத் தெரிகிறதா? "உன் பிள்ளை எங்கே" என்பதுவரை இருக்கிறது. அதற்கு முன்னால் பச்சைச் சேலை, தோளில் பை, வெயிலுக்குத் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். கை தூக்கிவிட்டாள், பார்த்தீர்களா? நான் சொன்னேன் அல்லவா?

வண்டி நிற்கிறது. கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் ஐயா, என் பையை எடுத்துவிடுகிறேன். இந்த இடத்தில் உட்காரட்டும். எழுச்சி, இங்கே. இந்த ஜன்னல்.

என்னைப் பார்த்துவிட்டாள்.

கையை இறக்கிவிட்டாள்.

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிடம் பொறுங்கள். ஏறுவாள். சேலை தடுக்கும், நிதானமாகத்தான் ஏறுவாள். என்ன தம்பி? சரி. சரி, விசில் கொடுங்கள். வாரா வாரம் எனக்காக நிறுத்தி வைக்க முடியுமா, உங்களுக்கும் நேரம் இருக்கிறது.

உட்கார இடம் இருக்காது என்று நினைத்திருப்பாள், ஐயா. வெயிலில் நின்று பார்த்தால் வண்டிக்குள் இருட்டாகத்தான் தெரியும். பின்னாலேயே அடுத்த வண்டி வருகிறது, அதில் வந்துவிடுவாள். அவளுக்கு இந்த நேரம் எல்லாம் அத்துப்படி.

நீங்கள் மைத்துனரைக் கேளுங்கள். நாலு பேரைக் கேட்டு முடிவெடுங்கள், அதுதான் முறை. உங்கள் பிள்ளை ஏன் என்னையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது? பசிக்கிறதோ என்னவோ. இந்தாருங்கள், இந்தப் பொட்டலத்தை அவளிடம் கொடுங்கள். எள்ளு கூடப் போட்டது. போன வாரம் இதே வண்டியில் ஒரு அம்மாவின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், ஒரு நொடியில் காலி. வேண்டாம் என்று சொல்லாதீர்கள். திருப்பிக் கொண்டுபோனால் பூமாரி கேட்பாள். 

அப்படியே கேட்டாலும் எழுச்சி பார்த்துக்கொள்வாள். நல்லாருந்துச்சும்மா என்று போனில் சொல்லிவிடுவாள். அவள் அம்மாவிடம்கூட என்னை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.